ஆளோடு வந்த நிலைக்கதவு

ஏலத்தில் எடுத்த கதவைப் புது வீட்டில் மாட்டித் திறந்து பார்க்கையில், அதை விற்ற ஆளே உள்ளே பனியனோடு சம்மணம் போட்டு உட்கார்ந்து, வேறு யாருக்கோ போகவேண்டிய பார்சலுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? கூப்பாடு போடுவீர்களா, கையெடுத்துக் கும்பிடுவீர்களா, இல்லை எங்கள் கொத்தனார் இருளப்பண்ணன் மாதிரி தூக்குக்குண்டைப் பிடித்து, நிலை நேராக நிற்கிறதா என்று இன்னொரு தடவை பார்ப்பீர்களா? அவர் அதைத்தான் செய்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நிலை நூல் பிடிச்சாப்புல நிக்கிது தாயி. என் வேலையில ஒரு குத்தமும் இல்ல. உள்ள இருக்கிற ஆளுக்கும் எனக்கும் சம்பந்தம் கிடையாது" என்று சொல்லிவிட்டு, சாந்துக்கரண்டியைக் கழுவத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்விட்டார்.

உள்ளே இருந்தவர் தலை நிமிர்ந்தார். தாம்பாளமும் மாவிலையுமாக வாசலில் நின்ற எங்கள் கூட்டத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "யாரு?" என்றார். பதில் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் எழுந்து வந்து, முகத்தில் அறைந்தாற்போல் கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாளைப் போட்டார். என் மாமியார் வேலுத்தாய் ஆரத்தித் தட்டைக் கீழே வைக்காமலே என் பக்கம் திரும்பினார்.

"ஏத்தா காளி, கதவ மட்டும் ஏலம் எடுத்தியா, ஆளோட சேத்து எடுத்தியா?"

காளி என்பது நான்தான், காளீஸ்வரி. எங்கள் ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம் வெள்ளாரம்பட்டி. என் வீட்டுக்காரர் குருசாமி மஸ்கட்டில் ஏசி மாட்டுகிற வேலையில் இருக்கிறார். அவர் அனுப்ப அனுப்ப நாங்கள் கட்டின வீட்டுக்குச் சுவர் வந்தது, மொட்டைமாடி வந்தது, சமையல்கட்டுக்குக் கடப்பைக்கல் வந்தது, முன்வாசல் மட்டும் பிள்ளைக்குப் பல் விழுந்த இடம் மாதிரி ஓட்டையாகவே கிடந்தது. எங்கள் பக்கத்தில் நிலை வைத்த பிறகுதான் சுவர் ஏறும். நவதானியம் போட்டு, மஞ்சள் பூசி, குலவை போட்டு நிலையை நிறுத்திவிட்டால் அது குடும்பத்தில் ஒரு ஆள் மாதிரி, அப்புறம் அதை யாரும் பிடுங்கக் கூடாது. தச்சாசாரி சொன்ன தேக்கு நம் கைக்கு எட்டாது என்பதால் நான்தான் இடம் விட்டுச் சுவரை ஏற்றச் சொன்னேன். "நெலையில்லாமச் சுவரு ஏறுது, இது எங்க போய் முடியுமோ" என்று அத்தை அன்றைக்கே சொன்னார். அது போய் முடிந்த இடம் நாகப்பட்டினம்.

செல்போனில் ஒரு ஏலக்கடை இருக்கிறது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். பிள்ளைக்குப் பால் கொடுக்கிற நேரத்தில் ஒரு கையால் அதைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பதுதான் எனக்குச் சினிமா. அதில்தான் அந்தக் கதவைப் பார்த்தேன். பர்மா தேக்கு, நிலையோடு சேர்ந்தது, தாமரைப் பூ வேலைப்பாடு, குறை ஒன்றும் இல்லை, விற்பவர் நாகை கலியபெருமாள், பக்கத்தில் அவர் முகப்படம். கடைசி நேரத்தில் என்னோடு மல்லுக்கு நின்று விலையை ஏற்றிவிட்டு ஓடிப்போன ஆசாமி, விற்கிறவருடைய இன்னொரு பெயர்தான் என்பது எனக்கு இன்றைக்கும் தீராத சந்தேகம். அவரிடம் வாங்கினவர்கள் எழுதின நல்ல வார்த்தைகளும் எல்லாம் ஒரே வாய் பேசின மாதிரி இருந்தன. நடுவில் ஒரே ஒரு பெண், எழிலரசி என்று பெயர், ஒற்றை நட்சத்திரம் போட்டு எழுதியிருந்தாள்: 'சொல்வது ஒன்று, அனுப்புவது ஒன்று. இவர் வீட்டுக் கதவைத் தட்டிப் பாருங்கள், திறக்கமாட்டார்.' யாரோ போட்டிக் கடைக்காரி என்று நினைத்துத் தள்ளிவிட்டேன். கதவுதான் நம் வீட்டுக்கு வரப்போகிறதே, அவர் திறந்தால் என்ன, திறக்காவிட்டால் என்ன?

கதவு வந்த அன்று நாங்கள் செய்ததை வேறு எந்த ஊர்க்காரர்களும் செய்திருக்கமாட்டார்கள். ஏலக்கடையில் வாங்கினால் பார்சல் பிரிப்பதை வீடியோ எடுத்து வைக்கவேண்டும், நாளைக்குச் சண்டை என்று வந்தால் அதுதான் சாட்சி. ஆகவே பக்கத்து வீட்டு ஜெயக்கொடி மதினி செல்போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆனால் வீட்டுக்கு நிலை வருகிறது என்றால் பெண்கள் சும்மா பார்த்துக்கொண்டு நிற்பார்களா? வேனிலிருந்து இறக்கி வாசலில்கூட வைக்கவில்லை, அத்தை ஆரத்தி எடுத்தார், மஞ்சளும் சந்தனமும் அள்ளித் தலை முதல் கால் வரை பூசினார், தெருப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டார்கள், செல்போன் பிடித்திருந்த மதினியும் கை ஆட ஆடக் குலவை போட்டாள், என் ஒன்றரை வயது மகள் தன்ஷிகா கை தட்டிச் சிரித்தாள். அத்தனையும் வீடியோவில் பதிவானது. கீறலோ உடைப்போ இருக்கிறதா என்று ஒருத்தரும் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

அன்று மத்தியானமே நிலையை நிறுத்தித் திறந்தோம், அவர் "யாரு?" என்றார், சாத்தினார். அதோடு எங்கள் முன்வாசல் எங்களுடையது இல்லை, நாகையில் இருக்கிற அவர் வீட்டுக்கு வாசல் என்று ஆகிப்போனது. சமையல்கட்டுப் பக்கம் தார்ப்பாய் தொங்குகிற சின்ன வழியாகக் குனிந்துதான் வீட்டுக்குள் போனோம், வந்தோம். உள்ளே கூடத்தில் நின்று அந்தக் கதவைத் தள்ளினால் சுவரைத் தள்ளுகிற மாதிரி இருக்கும். காதை வைத்தால் கடல் இரையும்.

நான் புகார் எழுதினேன். புகார் எழுதுகிற இடத்தில் உடைந்து வந்தது, நிறம் மாறி வந்தது, வேறு பொருள் வந்தது என்றெல்லாம் இருக்கிறது, பொருளுக்குள் ஆள் இருக்கிறார் என்பதற்கு இடம் விடவில்லை. தேடித் தேடி 'கூடுதல் பொருள் வந்தது' என்பதைத் தொட்டேன். கூடுதலாக வந்ததை அதே அட்டைப்பெட்டியில் வைத்துத் திருப்பி அனுப்புங்கள் என்று உடனே பதில் வந்தது. அந்த ஆளை எந்தப் பெட்டியில் வைப்பது? அவருக்கே எழுதினேன். நான் எழுதி அனுப்பின மறுநொடி கதவுக்கு அந்தப் பக்கம் அவர் செல்போன் டிங் என்று அடிப்பது எங்களுக்குக் கேட்டது, அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடுவது கேட்டது, தொண்டையைச் செருமுவது கேட்டது, தட்டித் தட்டி எழுதுவதும் கேட்டது. கடைசியில் என் செல்போனுக்கு வந்தது: 'போட்டோவில் உள்ளபடியே அனுப்பப்பட்டது.'

"அண்ணாச்சி, இங்கதான நிக்கேன், வாயத் திறந்து பேசுங்களேன்!" என்று கதவைத் தட்டினேன். அந்தப் பக்கம் மறுபடியும் தட்டித் தட்டி எழுதுவதுதான் கேட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று வந்தது: 'வாங்குபவர் மிரட்டுகிறார்.'

விவகாரம் ஏலக்கடையின் மேல்சபைக்குப் போனது. வீடியோவைக் கேட்டார்கள், அனுப்பினேன். தீர்ப்பு வந்தது: 'பொருள் வந்து சேர்ந்தபோது வாங்குபவரும் அவருடைய குடும்பத்தாரும் மிகுந்த மகிழ்ச்சியில் ஓசை எழுப்புவது பதிவாகியுள்ளது. பொருளின் மீது மஞ்சள் நிறப் பூச்சும் செய்யப்பட்டுள்ளது. ஆகவே திருப்பி எடுக்க இயலாது. புகார் முடிக்கப்பட்டது. உங்கள் பொறுமைக்கு நன்றி.'

"கொலவ போட்டது குத்தமா?" என்றாள் ஜெயக்கொடி மதினி. "அப்ப ஒப்பாரி வச்சா எடுத்துக்கிடுவாகளா?"

இதற்குள் ஊர் அந்தக் கதவுக்குப் பழகிவிட்டது. எங்கள் கரிசல் காட்டு வெயிலில் பிற்பகல் நேரத்தில் மாடுகூட நிழலை விட்டு நகராது, அப்படிப்பட்ட நேரத்தில் அந்தக் கதவின் அடியிடுக்கு வழியாக உப்புக்காற்று ஜில்லென்று வந்தது, கூடவே பொடிமணலும் கருவாட்டு வாசனையும் வந்தன, அதனால் பருத்தி எடுத்து முடித்த பெண்கள் கூடையோடு வந்து வாசலுக்கு எதிரே காலை நீட்டி உட்கார ஆரம்பித்தார்கள், உட்கார்ந்த வாய் சும்மா இருக்குமா, கதவுக்குப் பின்னால் இருக்கிற ஆளைப் பற்றிச் சந்தேகம் சந்தேகமாகக் கிளப்பினார்கள். கள்ளக்கடத்தல் ஆள் என்றாள் ஒருத்தி. கணக்கெடுக்க வந்த சர்க்கார் ஆள், மாறுவேடம் என்றாள் இன்னொருத்தி. வீட்டுவரி போடும்போது அந்த ஆள் இருக்கிற கூடத்தையும் அளந்து சேர்க்கலாமா என்று வார்டு மெம்பர் யோசித்தார். ரேஷன் கடைக்காரர், யாரும் கேட்காமலே, வெளியூர் ஆளுக்கு இங்கே கார்டு கிடையாது என்று சொல்லி வைத்தார்.

பிறகு ஒருநாள் மேலத்தெரு சங்கரவடிவு, செல்போனில் பார்த்தபோது மயில் கழுத்து நிறமாகவும் வந்தபோது சாணிப் பச்சையாகவும் இருந்த தன் சேலையைக் கொண்டுவந்து கதவுக்கு முன்னால் விரித்துப் போட்டு, "இது என்ன நிறம்னு நீரே சொல்லும்!" என்று கத்தினாள். அவர் சேலை விற்கிறவர் இல்லை, அந்தச் சேலையைக் கண்ணால் பார்த்ததும் இல்லை. அதனால் என்ன? அதுவரை எங்கள் ஊரில் செல்போனில் வாங்கி ஏமாந்தவர்கள் எல்லாரும் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் தங்களையே திட்டிக்கொண்டு இருந்தவர்கள், இப்போதுதான் விற்கிற ஆள் ஒருத்தர், பனியன் போட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு பலகைக்கு அந்தப் பக்கம் இருக்கிறார் என்று தெரிந்தது. அப்புறம் கேட்கவேண்டுமா? சுற்றாத மிக்ஸி வந்தது, ஒரு கால் செருப்பு வந்தது, ஏறாத சார்ஜர் வந்தது, முடி வளராத தைலம் வந்தது, பொங்கலுக்குப் பொருட்காட்சி பார்க்க நிற்கிற மாதிரி ஆட்கள் வரிசையில் நின்றார்கள், அவரவர் குறையைச் சொல்லி, ஆசை தீரத் திட்டிவிட்டு, முகம் தெளிந்து வீட்டுக்குப் போனார்கள். எப்போதாவது உள்ளேயிருந்து, "அது நான் வித்தது இல்லீங்க!" என்று ஒரு குரல் வரும். "எல்லாரும் இதத்தான்யா சொல்லுதீங்க!" என்று வரிசை முழுக்கச் சிரிக்கும்.

நானும் அந்தச் சிரிப்பில் சேர்ந்துதான் இருந்தேன், என் வீட்டுக்காரருக்கு லீவு கிடைத்துவிட்டது என்று தெரிகிற வரைக்கும். ஆவணி முகூர்த்தத்தில் பால் காய்ச்சவேண்டும். அதற்குள் ஊர்ப்பேச்சு கடல் தாண்டி அவர் காதுக்கும் போயிருந்தது. செல்போனில் என்னிடம் கதவு நன்றாக இருக்கிறதா என்று கேட்கவில்லை, பிள்ளை சாப்பிட்டாளா என்று கேட்கவில்லை.

"அந்த ஆளுக்கு என்ன வயசிருக்கும்?" என்றார்.

"உங்க அப்பா வயசிருக்கும். எதுக்குக் கேக்கீங்க?"

"சும்மாதான் கேட்டேன்."

சும்மா கேட்கிறவர் குரல் அப்படி இருக்காது. அத்தை அதைவிட நேராகவே சொன்னார். அன்று தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தவர், குடத்தை இறக்காமல் இடுப்பிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்: "இங்க பாரு காளி. எம்புள்ள பாலைவனத்துல காஞ்சு கட்டுன வீடு. வலது கால எடுத்து வச்சு அவன் இன்னொருத்தன் வீட்டுக்குள்ள போறத நான் பாக்கமாட்டேன். வச்ச நெலையப் பிடுங்கவும் விடமாட்டேன். அவன் வர்றதுக்குள்ள ஒண்ணு உள்ள இருக்கிற ஆளு போகணும், இல்ல நீ உன் புள்ளையத் தூக்கிக்கிட்டு உங்க ஆத்தா வீட்டுக்குப் போகணும். பால நான் மட்டும் காய்ச்சிக்கிடுதேன்."

சொல்லிவிட்டு, குடத்துத் தண்ணீரில் முதல் செம்பை எனக்குத்தான் குடிக்கக் கொடுத்தார். அத்தை அப்படித்தான். ஆனால் சொன்னது சொன்னதுதான் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் மத்தியானம் வரிசை ஒன்றும் இல்லை, எல்லாரும் காட்டுக்குப் போயிருந்தார்கள். நான் வாசலில் பிள்ளையின் துணிகளை அலசிக்கொண்டிருந்தேன், தன்ஷிகா ஈரமணலில் விளையாடிக்கொண்டிருந்தாள். பிழிந்து உதறிக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்புகிறேன், பிள்ளையைக் காணோம். சங்கிலி மாட்டின கொலுசு ஒன்று மட்டும் நிலைக்குக் கீழே கழன்று கிடந்தது. கதவு ஒரு சாண் திறந்திருந்தது.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. நாங்கள் அவரை வேவு பார்த்த மாதிரி, அவரும் ஆள் இல்லாத நேரம் பார்த்துத் தாழ்ப்பாளை விலக்கி எங்களை வேவு பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். கதவைத் தோளால் இடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

கூடம் முழுக்கச் சாமான்கள். குத்துவிளக்குகள், நின்றுபோன சுவர்க்கடிகாரங்கள், தாத்தா படங்கள் இல்லாத வெறும் சட்டங்கள், காற்றுக்குமிழ் வைத்த பிளாஸ்டிக் சுருள் சுருளாக. அதற்கு நடுவில் அவர் என் மகளைக் கக்கத்தில் கைகொடுத்து, ஒழுகுகிற பானையைப் பிடிக்கிற மாதிரித் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் அவருடைய மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கிக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அங்கேயே நில்லு!" என்றார் என்னைப் பார்த்து. "குழந்தைய உள்ள அனுப்பிச்சுட்டு, நான் கடத்திட்டேன்னு வீடியோ எடுக்குறீங்களா? எங்க செல்போன்? கையைக் காட்டு!"

இரண்டு கையையும் காட்டினேன். சோப்பு நுரைதான் இருந்தது.

"நான் எத்தனை பேரைப் பாத்திருக்கேன் தெரியுமா? வெண்கல விளக்க வாங்கிட்டு, உடைஞ்சுபோச்சுன்னு செங்கல்லத் திருப்பி அனுப்பிச்சவன் இருக்கான். நீ என்ன அனுப்பிச்சிருக்கே, குழந்தையா?"

"அண்ணாச்சி, அதத் திருப்பிக் குடுங்க, அது திரும்ப எடுக்கிற பொருள்தான்" என்றேன். எனக்கு எந்த நேரத்தில் சிரிப்பு வரும் என்று எனக்கே தெரியாது. அவர் சிரிக்கவில்லை. ஆனால் பிள்ளையைக் கொடுத்தார். வாங்கும்போதுதான் பார்த்தேன், அவர் முழங்கால் இரண்டும் சிராய்த்து மருந்து போட்டிருந்தது. பின்பக்கம் உயர ஜன்னல் ஒன்று கம்பி கழற்றிக் கிடந்தது, அதற்குக் கீழே ஸ்டூல், ஸ்டூல் மேல் இன்னொரு ஸ்டூல். எனக்கு விளங்கிவிட்டது. எங்களுக்கு எப்படி எங்கள் முன்வாசல் இல்லையோ, அப்படியே அவருக்கும் அவர் முன்வாசல் இல்லை. கதவு இருந்த இடம் வழியாக அவர் காலை வெளியே வைத்தால் வெள்ளாரம்பட்டி. பார்சல் போட, பால் வாங்க, எல்லாவற்றுக்கும் இந்த வயதில் ஜன்னல் ஏறிக் குதித்துக்கொண்டிருக்கிறார், குதித்துக்கொண்டே எனக்கு 'போட்டோவில் உள்ளபடியே' என்று எழுதிக்கொண்டிருக்கிறார்.

"உங்களுக்கும் வாசல் இல்லையா?" என்றேன். "அத ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொன்னா? குறை இருக்குன்னு நானே ஒப்புக்கிட்டதா ஆவும். நட்சத்திரம் போயிடும்."

"அந்த எழிலரசி போட்ட ஒண்ணு ஏற்கெனவே இருக்கே அண்ணாச்சி."

அவர் முகம் சட்டென்று வற்றிப்போனது. டேப்பை எடுத்து, ஒட்டின பார்சலின் மேலேயே இன்னொரு சுற்று ஒட்டினார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"அது என் பொண்ணு."

பிள்ளை அவருடைய கண்ணாடியை என் தோளில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கடைய அவதான் ஆரம்பிச்சுக் குடுத்தா. கீறல் இருந்தா கீறல்னு எழுதுவா, ஒட்டுப் போட்டிருந்தா ஒட்டுன்னு எழுதுவா. அப்படி எழுதினா எவன் வாங்குவான்? நான் மாத்தி எழுதுவேன். ஒரு நாளு வெடிச்ச ஜாடி ஒண்ணப் புதுசுன்னு போட்டு வித்துட்டேன். வாங்குன வீட்டுப் பொண்ணு அழுதுக்கிட்டே இவகிட்ட பேசியிருக்கு. அன்னிக்குத்தான் அந்த ஒத்த நட்சத்திரத்தைப் போட்டா, பெத்த அப்பனுக்கு, ஊரறிய. நான் வெளிய போடின்னேன். போயி, சாயங்காலமே வந்து தட்டினா. யாருன்னு கேட்டேன். யாருன்னு எனக்குத் தெரியும், இருந்தும் கேட்டேன். நான்தாம்ப்பான்னா. நான்னா யாருன்னு திரும்பக் கேட்டேன். அதுக்கப்புறம் தட்டல, அந்த நட்சத்திரத்துக்குக் கீழ, கதவத் தட்டினா திறக்கமாட்டார்னு ஒரு வரி சேத்து எழுதிட்டா. அந்தக் கதவப் பாக்கப் பாக்க எரிச்சலா வந்துது. நிலையோட பேத்து ஏலத்துல போட்டுட்டேன்."

"வித்தீங்க, சரி. குடுத்தீங்களா?"

"என்னம்மா பேச்சு இது? வேன்ல ஏத்தி அனுப்பிச்சேனே!"

எங்கள் ஊரில் மாடு விற்கிறதை அவருக்குச் சொன்னேன். விற்றவர் பழைய கயிற்றோடு மாட்டை ஓட்டிவிடமாட்டார். கயிற்றை அவிழ்த்துத் தன் வீட்டுக்கு எடுத்துக்கொள்வார். வாங்கினவர் புதுக்கயிறு போடுவார். அப்புறம் விற்றவர் மாட்டின் முதுகைத் தடவி, போய் அங்கே நன்றாக இரு என்று வாயால் சொல்வார். சொல்லாமல் கயிற்றோடு ஓட்டிவிட்ட மாடு பொழுது சாய்வதற்குள் பழைய கொட்டிலுக்கே வந்து நிற்கும். இதில் வித்தை ஒன்றும் இல்லை, எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஏலக்கடையில் கயிறும் கிடையாது, வாயும் கிடையாது, டேப் மட்டும்தான் இருக்கிறது.

"எங்க அத்தை மஞ்சள் பூசிக் கூப்பிட்டாச்சு" என்றேன். "நீங்க இன்னும் அனுப்பல. அது ரெண்டு வீட்டுக்கும் நடுவுல நிக்கிது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இதெல்லாம் சொல்லி, கடைசியில என்ன கேக்கப் போறே? பாதி விலை திருப்பியா?"

"ஒண்ணும் வேண்டாம். எங்க வீட்டுக்காரரு வாராரு. அவரு நடந்தா எங்க வீடு வரணும். அம்புட்டுத்தான்."

"அப்ப எனக்கு நட்சத்திரம் எத்தனை போடுவே?"

"நல்லதும் போடமாட்டேன், கெட்டதும் போடமாட்டேன் அண்ணாச்சி. நடந்தத நடந்தபடி எழுதுவேன். தேக்கு நல்ல தேக்கு, விக்கிற ஆளு தொல்ல பிடிச்ச ஆளுன்னு."

அதைக் கேட்டு அவர் டேப்பைக் கீழே வைத்தார். "அவளும் இப்படித்தான் எழுதியிருப்பா" என்றார். பிறகு சாமான்களுக்கு இடையில் தடுமாறிப் போய் ஒரு திருப்புளி எடுத்து வந்தார். கண்ணாடி இல்லாமல் தடவித் தடவித் தேடினார், நான் பிள்ளையின் கையிலிருந்து பிடுங்கித் துடைத்துக் கொடுத்தேன். கதவின் உட்பக்கத்தில் இருந்த அந்த நீளப் பித்தளைத் தாழ்ப்பாளை, அன்று சாயங்காலம் மகள் தட்டத் தட்ட அவர் விலக்காமல் வைத்திருந்த அதே தாழ்ப்பாளை, ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றினார்.

"கயிறு எனக்கு" என்றார். "நீ புதுசு போட்டுக்க."

தாழ்ப்பாளைத் தோளில் துண்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு கதவின் மேல் உள்ளங்கையை வைத்தார். தாமரைப் பூவுக்குள் எங்கள் மஞ்சள் கடற்காற்றில் இன்னும் காயாமல் ஒட்டியிருந்தது, அவர் கையிலும் ஒட்டியது. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. திரும்பவும் அசைந்தது. சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டு இறுகிப்போன வாய், அது நல்ல வார்த்தைக்குத் திறக்க நேரம் எடுத்தது.

"போ" என்றார். "அங்க நல்லா இரு. இங்க திரும்பிப் பாக்காத."

நான் பிள்ளையோடு வெளியே வந்து நின்றேன். அத்தை குடத்தோடு தெருவில் வந்துகொண்டிருந்தவர், கதவு திறந்திருப்பதைப் பார்த்துக் குடத்தைத் தரையிலேயே இறக்கி வைத்துவிட்டு ஓடிவந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே குத்துவிளக்குகள் வெளுத்தன, கடிகாரங்கள் இருந்த இடத்தில் எங்கள் வெள்ளையடிக்காத சுவர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வந்தது, ஊஞ்சலுக்கு என்று நான் போடச்சொன்ன கொக்கி மேலே தெரிந்தது, கடல் இரைச்சல் சமையல்கட்டுத் தார்ப்பாய் படபடக்கிற சத்தமாக மாறிக்கொண்டிருந்தது. அவர் மட்டும் இன்னும் நிலைப்படிக்கு உள்ளே, பனியனோடு, மஞ்சள் ஒட்டின கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். அவருக்குப் பின்னால் அவர் தெரு திறந்துகொண்டதோ என்னவோ, காற்று அவர் வேட்டியை எங்கள் பக்கமாகப் பறக்கவிட்டது.

"ஏம்மா" என்று கூப்பிட்டார். குரல் ரொம்பத் தூரத்திலிருந்து வருகிற மாதிரி இருந்தது. "என் வீட்டுக்கு இனிமே கதவு போடப்போறது இல்ல. அவ வந்தா நேரா வந்துடலாம். ஆனா அவளுக்குத் தெரிஞ்சது இந்தக் கதவுதான். இதுவோ வழி தப்புற கதவா இருக்கு. எங்க நின்னு அவ எந்தக் கதவத் தட்டினாலும், அது உன் வாசல்ல கேட்டாலும் கேக்கும்."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"யாருன்னு மட்டும் கேக்காதம்மா. திறந்துடு."